மட்டக்குளியில் பிள்ளை வளர்க்க முடியாது என்று சொன்னவன்

வீட்டு புரோக்கர் தொழிலில் எந்த வீட்டைக் காட்டுகிறோம் என்பதைவிட எந்த நேரத்தில் காட்டுகிறோம் என்பதுதான் முக்கியம். ராகுகாலம், எமகண்டத்தை நான் சொல்லவில்லை. கடலோர ரயில் வராத நேரம், குழாயில் தண்ணீர் வேகமாக வரும் நேரம், மேல்வீட்டுப் பையன்கள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரம், மழை பெய்து நாலு நாளாவது ஆகியிருக்கும் நேரம். இந்தப் பஞ்சாங்கம் எனக்கு மனப்பாடம். கொழும்பில் வாடகைக்கு வீடு தேடி, லிஃப்ட் வேலை செய்யாத தொடர்மாடியில் மூச்சு வாங்க ஐந்து மாடி ஏறி, "நல்ல காத்து வருது பாருங்கோ" என்று ஒருவன் சொன்னதை நம்பி முற்பணம் கொடுத்துவிட்டு வந்த அன்பர்களே, அந்த ஒருவன் என்னைப் போன்றவன்தான். சில வேளை நானேதான்.

இருபது வருடமாக வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, களுபோவில, இரத்மலானை என்று குடும்பங்களைக் குடியேற்றிக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: பிள்ளை வளர்க்க எந்த இடம் நல்லது? அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில்களும், அதனால் நான் பட்ட வெட்கமும்தான் கீழே இருக்கின்றன. என் மகள் தர்ஷினி கொஞ்ச நாளாக என்னோடு சாப்பாடு, தண்ணீர், கரண்ட் பில் தவிர வேறு எதுவும் கதைப்பதில்லை. இதையாவது அவள் வாசிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

ரயில் இல்லாத அரை மணி நேரம்

வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கையின் கடைசியில் ஒரு நாலாம் மாடி வீடு. ஜன்னலைத் திறந்தால் தண்டவாளம், அதற்கப்பால் கடல். கொஞ்சம் மேலே பிடித்துப் படம் எடுத்தால் கடல் மட்டும்தான் தெரியும். வவுனியாவிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு இளம் தம்பதி கைக்குழந்தையோடு பார்க்க வந்தார்கள். பிள்ளை சின்னச் சத்தத்துக்கும் எழும்பிவிடும், இங்கே எப்படி என்று தாய் கேட்டார். "அலைச் சத்தம் மட்டும்தான் தங்கச்சி, தாலாட்டு மாதிரி" என்றேன். வாய் கூசவில்லை.

கீழே இருந்த காவல்காரர் மாத்தறைப் பக்கத்து சிங்கள மனிதர், என்னில் நல்ல அன்பு. ரயில் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் எனக்கு ஒரு மிஸ்ட் கோல் தருவார், நான் வந்தவர்களை லிஃப்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். அதுதான் ஒழுங்கு. அன்றைக்கு அவருடைய போனில் காசு முடிந்துவிட்டது. மனிதர் வாக்குத் தவறக்கூடாது என்று நாலு மாடியும் ஓடி ஏறி வந்து கதவடியில் நின்றார். சீக்கிரம் முடியுங்கள், ரயில் வருகிறது என்று அவர் சிங்களத்தில் சொன்னது இவர்களுக்கு விளங்காது என்றுதான் முதலில் நினைத்தேன். குழந்தையின் தகப்பனான அந்தத் தம்பிக்குப் பத்து வருடம் அரசாங்க அலுவலகத்தில் வேலை, என்னைவிட நல்ல சிங்களம். அவர் சிரித்துக்கொண்டே குழந்தையின் காதுகளைப் பொத்தினார். காவல்காரர் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் சொன்னார்: "மஹத்தயா, இக்மன் கரன்ன, கோச்சிய எனவா!"

ஒரே நாளில் இரண்டு பதில்

கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடியும் வெள்ளவத்தையில் ஒரு இரண்டு அறை வீடும் ஒரே வாரத்தில் கைக்கு வந்தன. காலையில் ஒரு பெண் வெள்ளவத்தை வீட்டைப் பற்றிப் போனில் கேட்டார். "தங்கச்சி, கொட்டாஞ்சேனையில பிள்ளை வளர்க்க ஏலாது. ஒரே சனம், லொறிச் சத்தம். பிள்ளை வாசலால இறங்கினா முன்னுக்கு வாகனம். வெள்ளவத்தையெண்டா டியூஷன், வயலின், டான்ஸ் கிளாஸ் எல்லாம் நடந்து போற தூரம்" என்றேன். பின்னேரம் ஒரு ஆண், கொட்டாஞ்சேனை மேல்மாடியைப் பற்றிக் கேட்டார். "தம்பி, வெள்ளவத்தையில பிள்ளையள் லிஃப்டுக்குள்ளதான் வளருதுகள். பக்கத்து வீட்டுக்காரன்ட பேர்கூடத் தெரியாது. கொட்டாஞ்சேனையெண்டா கோயில், சேர்ச், பள்ளிக்கூடம் எல்லாம் கிட்ட. ஒரு பிள்ளை அழுதா நாலு வீடு எட்டிப் பார்க்கும்" என்றேன். இரண்டும் பொய்யில்லை. எந்தப் பாதியை யாருக்குச் சொல்வது என்பதில்தான் என் கெட்டித்தனம் இருந்தது.

சனிக்கிழமை வீடு பார்க்க, வெள்ளவத்தையின் காலி வீதியில் இருவரும் சேர்ந்து ஒரே ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். புருஷன் பெண்சாதி. பின்னேரம் அவர் என்னோடு கதைத்தபோது, மனைவியும் பக்கத்தில் இருந்து ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசம். மிக மரியாதையாகச் சொன்னார்: "அண்ணை, எங்களுக்கு அவசரமில்லை. காலமை கதைச்ச நீங்களும் பின்னேரம் கதைச்ச நீங்களும் முதல்ல இருந்து கதைச்சு ஒரு முடிவுக்கு வாங்கோ."

கொழும்பு பதினைந்து

என்னுடைய விசிட்டிங் கார்டில் வெள்ளவத்தை முகவரி இருக்கும். அது நான் போட்டோக்கொப்பி எடுக்கிற கடையின் முகவரி. நான் இருப்பது மட்டக்குளியில். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அதே வீடு. காலையில் ஏழு மணிக்கு முன்னால் பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்துவிட்டால், பொழுதுபடும்வரை நான் வெள்ளவத்தைக்காரன். ஏனென்றால் இந்தத் தொழிலில் ஆளைக் கேட்பதற்கு முன்னால் நம்பரைத்தான், அதாவது கொழும்பின் தபால் வட்டார எண்ணைத்தான் கேட்பார்கள். வெள்ளவத்தை கொழும்பு ஆறு, கொட்டாஞ்சேனை பதின்மூன்று, மட்டக்குளி பதினைந்து. நம்பர் கூடக் கூட வீட்டுக்காரரின் முகம் சுருங்கும்.

இரண்டு மீன்பிடி வள்ளங்கள் வைத்திருக்கும் அன்ரனி, பெரிய மகளின் படிப்புக்காக வெள்ளவத்தையில் வீடு கேட்டார். நேர்மையான மனிதர், நல்ல குடும்பம். அவர் இருப்பது பதினைந்தில் என்று கேட்டதும் வீட்டுக்கார அம்மா, "ஐயோ, பில்டிங்கில மற்றாக்கள் என்ன நினைப்பினம்" என்றார். நான் அன்ரனியைத் தள்ளிக் கூட்டிப்போய், பதின்மூன்று என்று சொல்லுங்கோ, கொட்டாஞ்சேனையும் உங்கட பக்கம்தானே, நானும் சாட்சி சொல்லுகிறேன் என்று ஓதினேன். அவர் என்னுடைய கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் சட்டைப் பையிலேயே அதைத் திரும்ப வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை, உங்களை ஒவ்வொரு நாளும் காலமை எங்கட பஸ் ஹோல்ட்டில காணுறனான். பதினைஞ்சில இருந்துகொண்டு ஆறெண்டு சொல்லி நீங்க என்னத்தக் கண்டனீங்க?"

முன் அறையில் எட்டுக் கதிரைகள்

இனி மகளின் கதை. தர்ஷினி முன்பள்ளி ஆசிரியைக்குப் படித்தவள். வெள்ளவத்தையில் ஒரு முன்பள்ளியில் வேலை கிடைத்தது. வேண்டாம், எங்கள் வீட்டு முன் அறையிலேயே ஒன்று தொடங்கப் போகிறேன் என்றாள். எங்கள் பக்கத்தில் தாய்மார் விடியவே வேலைக்குப் போய்விடுவார்கள், பிள்ளைகள் அடுக்குமாடிப் படிக்கட்டுகளில் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் அவள். நானும் மனிசியும் சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தோம். புறக்கோட்டையிலிருந்து எட்டுச் சின்னப் பிளாஸ்டிக் கதிரைகளை பஸ்ஸில் நான்தான் கொண்டுவந்தேன். கொண்டக்டர் முணுமுணுத்தான், எனக்குப் பெருமையாக இருந்தது.

எட்டுக் கதிரைக்கும் எட்டுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். தொழிற்சாலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள், புறக்கோட்டையில் கடை வைத்திருப்பவர், வங்கியில் வேலை செய்பவர் என்று கொஞ்சம் வசதியானவர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். அடுத்த வருடம் இன்னும் நாலு கதிரை வாங்க வேண்டும் என்று அவள் கணக்குப் போட்டாள். முதல் நாள் காலையில் நான் வேலைக்குப் புறப்படும்போது படலை வரை வந்து சொன்னாள்: "அப்பா, சின்னப் பிள்ளையள் இருக்கிற வீடெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும். எங்கட நேர்சரியப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கோவன்."

பதிவுப் புத்தகம்

பிறகு ஒரு கட்டத்தில் வியாபாரம் படுத்துவிட்டது. வீடுகள் கையில் இருந்தன, ஆட்கள் இல்லை. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன் அறை மேசையில் தர்ஷினியின் பதிவுப் புத்தகம் கிடந்தது. பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தகப்பனின் தொழில், தொலைபேசி இலக்கம். என் தொழிலில் எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. பிள்ளைக்கு நாலு வயது முடிந்தால் பெற்றோருக்கு முதலாம் வகுப்புப் பயம் பிடித்துவிடும். நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமென்றால் அதற்குக் கிட்ட வீடு வேண்டும். வீடு மாறுவதற்கு அவர்களை விடத் தயாரான ஆட்கள் கிடையாது. மகள் பின்னால் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் மூன்று இலக்கங்களை பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதி எடுத்தேன்.

காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் நான் போய்விடுவதால் அந்தப் பெற்றோருக்கு என் முகம் தெரியாது. "வெள்ளவத்தை மகேன் கதைக்கிறன்" என்று தொடங்கினேன். இலக்கம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் தெரிந்தவர் ஒருவர் தந்தார் என்றேன். பிறகு என் மந்திரம்: "மட்டக்குளியில பிள்ளை வளர்க்க ஏலாது, பிள்ளையைப் பற்றி யோசியுங்கோ." ஒருவர் கரைய ஒரு மாதம் எடுத்தது, மற்ற இருவருக்கு ஒரு வாரம் போதுமாக இருந்தது. பம்பலப்பிட்டிப் பக்கம் தரகு பார்க்கும் ரஹீம் நானாவிடம் தேநீர்க் கடையில் வைத்து இந்தக் கெட்டித்தனத்தைச் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்: "பொய் செல்லாத புரோக்கர் யாரு மகேன், நானும் செல்றதுதான். ஆனா மகள்ட கொப்பியப் பாத்து ஆள் புடிக்க எனக்கு ஒருநாளும் மனசு வரல்ல."

நிலாவின் பை

அந்த மூன்று குடும்பங்களில் ஒன்று நிலாவின் குடும்பம். முதலில் அவர்களை வெள்ளவத்தைக்குக் கொண்டுபோனேன். கீழ்த்தளத்தில் விளையாட இடமில்லை, மேல்தளத்துக்குப் பிள்ளைகள் போகக்கூடாது என்று அறிவித்தல் ஒட்டியிருந்தது. ஆறு மாதத்தில் களுபோவிலவில் ஒரு பெரிய வீட்டோடு ஒட்டிய அனெக்ஸ். ஒழுங்கை அமைதியானது என்றேன், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற வாகனங்கள் முழுக்க அந்த வழியால்தான் போகும். அதன் பிறகு இரத்மலானை. அங்கே நல்ல முற்றம், மாமரம், எல்லாம் உண்டு. ஆனால் சுற்றுவட்டாரத்தில் தமிழ் கதைக்கிற பிள்ளை ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு முறையும் நான் சொன்னேன், இதுதான் பிள்ளைக்குச் சரியான இடம் என்று.

இரத்மலானை வீட்டுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாக நான் போன அன்று நிலா தன்னுடைய சின்னப் பையை அடுக்கி வாசலில் வைத்திருந்தாள். அந்த அங்கிள் வந்தால் வீடு மாற வேண்டும் என்று அவளுக்குப் பழகிவிட்டதாகத் தாய் சிரித்துக்கொண்டு சொன்னார். நான் குனிந்து, அங்கே மாமரம் இருக்கு, ஊஞ்சல் கட்டலாம் என்றேன். நான் யாருடைய அப்பா என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "அங்கிள், தர்ஷி டீச்சர்ட நேர்சரிக்குப் பக்கத்தில வீடு ஒண்டும் இல்லையா?"

லட்டுப் பெட்டி

வீட்டில் தர்ஷினி ஒரு புரோக்கரைத் திட்டத் தொடங்கியிருந்தாள். யாரோ ஒருவன் நல்லாயிருந்த பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு போகிறான், இனி ஐந்து பிள்ளைகள்தான், வாடகைக்கு ஆள் பிடிக்கிறவனுக்குப் பிள்ளைகளைப் பற்றி என்ன தெரியும் என்று. நான் சோற்றைப் பிசைந்துகொண்டு "ஓம், ஓம்" என்று தலையாட்டினேன். அப்படித் தலையாட்டியதை நினைக்கும்போதுதான் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஒருநாள் காய்ச்சல். வேலைக்குப் போகாமல் சாரத்தோடு பின் அறையில் படுத்திருந்தேன். தண்ணீர் குடிக்க எழும்பி முன் அறையைத் தாண்டும்போது ஒரு பெண் லட்டுப் பெட்டியோடு நின்றார். மகனை முன்பள்ளியிலிருந்து விலக்கிக் கொண்டுபோக வந்த அஸ்வினின் அம்மா; அந்த மூன்றுக்குப் பிறகு புத்தகத்திலிருந்து நான் எடுத்த நாலாவது இலக்கம். வெள்ளவத்தையில் புதுவீடு, அதற்கு இனிப்பு. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "டீச்சர், நான் சொன்னனே, எங்களுக்கு வீடு பார்த்துத் தந்த அங்கிள், இவர்தான்! மட்டக்குளியில பிள்ளை வளர்க்க ஏலாதெண்டு இவர் சொன்னாப்பிறகுதான் எங்களுக்குக் கண் திறந்தது. அங்கிள், நீங்க எப்பிடி இங்க?" தர்ஷினி பசை பூசிக்கொண்டிருந்த தூரிகையை மேசையில் வைத்தாள். "இவர் என்ட அப்பா" என்றாள். அந்தப் பெண் பெட்டியைப் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிள்ளைகள் போன பிறகு அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், இலக்கம் எப்படிக் கிடைத்தது என்று. என் கண் தன்பாட்டில் பதிவுப் புத்தகத்துக்குப் போனது, அவளும் அதைப் பார்த்தாள். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. நாலு கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி மூலையில் வைத்தாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், தொழில், வீட்டுச் செலவு என்று. முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்: "பிள்ளை வளர்க்க ஏலாத இடத்திலதானே அப்பா என்னை வளர்த்தனீங்க. நான் எதில பழுதாப் போனனானெண்டு அதையும் சொல்லுங்கோ."

எந்த நேரமும் வரலாம்

அதன் பிறகு முதல் தடவையாக எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு வீட்டைக் கையில் எடுத்தேன். நாலு வயதுப் பெண்பிள்ளையோடு ஒரு தம்பதி கேட்டார்கள். எந்த நேரமும் வரலாம், மழை பெய்தால் இன்னும் நல்லது என்றேன். மழையில்தான் வந்தார்கள். ஒழுங்கையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்பதைக் காட்டினேன். காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டுதான் போக வேண்டும், பக்கத்து அடுக்குமாடியில் சண்டை வந்தால் இங்கே கேட்கும், மீன் வாடை ஆறு மாதத்தில் பழகிவிடும் என்றேன். பிறகு மற்றப் பாதியையும் சொன்னேன். பிள்ளை தெருவில் விழுந்தால் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் தூக்குவார்கள். தாய் வேலையால் வரச் சுணங்கினால் பக்கத்து வீட்டில் தேநீரும் பணிசும் கிடைக்கும். ஐந்து வீடு தள்ளி ஒரு நல்ல முன்பள்ளி இருக்கிறது. ஆசிரியை என் மகள். நான் இங்கேதான் இருக்கிறேன், கொழும்பு பதினைந்து.

அந்தத் தம்பி சாரத்தைத் தூக்கிப் பிடித்திருந்த என்னையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். வீடு அவருக்குப் பிடித்திருந்தது, முகத்தில் தெரிந்தது. யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்று போனவர், ஒரு கிழமை கழித்து வேறொரு புரோக்கர் மூலம் பக்கத்து ஒழுங்கையில் குடிவந்தார். பிள்ளையை மட்டும் தர்ஷினியிடம்தான் சேர்த்தார், மூலையில் கிடந்த கதிரைகளில் ஒன்று வெளியே வந்தது. பஸ் ஹோல்ட்டில் கண்டபோது ஏன் என்னிடம் எடுக்கவில்லை என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "குறை நினைக்காதேங்கோ அண்ணை. புரோக்கர் ஒராள் இவ்வளவு உண்மை சொன்னா, இன்னும் பெரிசா என்னத்தையோ மறைக்கிறாரெண்டுதான் நினைச்சனாங்கள்."

இருபது வருடமாகக் கொழும்பு முழுக்க எத்தனையோ வீட்டுத் திறப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்த எனக்கு, மகள் பதிவுப் புத்தகத்தைப் பூட்டி வைக்கிற அலுமாரியின் திறப்பு என் சொந்த வீட்டில் எங்கே இருக்கிறது என்பது மட்டும் இன்றுவரை தெரியாது.